விடச் சொல்லியாச்சு, ஆள் வரவில்லை: சிறைப் புள்ளிவிவர அறிக்கையைப் புதுக்கோட்டையிலிருந்து வாசித்தல்

எங்கள் மாவட்டத்தில் ஒரு நீதிமன்ற வாசல். எதிரே டீக்கடை, பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. கந்தர்வகோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா கையில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தார். முந்திரிக் கொட்டை உடைக்கிற கைகள், விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தது. யாருக்காக வந்திருக்கீங்கன்னு கேட்டேன்.

"கோர்ட்டு விடச் சொல்லிருச்சு தம்பி. ஆனா ஆளு இன்னும் வரல."

மகன் மீது போர்வெல் மோட்டார் வயரைத் திருடியதாக வழக்கு. கைதான 21-ஆம் நாள் ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது. இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ரத்த சொந்தத்துக்கு இவர் இருக்கிறார். இன்னொரு கையெழுத்துக்குத்தான் ஆள் இல்லை. "நாளைக்கு உம் மவன் ஓடிட்டா நாங்கல்ல பணத்தக் கட்டணும்" என்று ஊரில் எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். உத்தரவு வந்து அன்றைக்கு 19 நாள் ஆகியிருந்தது.

அந்த வாரம் நான் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் சிறைப் புள்ளிவிவர அறிக்கைகளை வரிசையாக வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பையன் அதில் எந்தக் கட்டத்தில் வருகிறான் என்று தேடிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. இந்தக் குறிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அறிக்கை என்ன சொல்கிறது

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். 2012 முடிவில் இந்தியச் சிறைகளின் மொத்தக் கொள்ளளவு 3,43,169. உள்ளே இருந்தவர்கள் 3,85,135 பேர். அதாவது நூறு பேர் இடத்தில் 112 பேர். 2022 முடிவில் கொள்ளளவு 4,36,266. உள்ளே 5,73,220 பேர். நூறு பேர் இடத்தில் 131 பேர்.

செய்தித்தாள்கள் இந்த 131-ஐ எடுத்துத் தலைப்பில் போடும். அதற்கு அடுத்த வரியில் இரண்டு விளக்கம் வரும். ஒன்று, குற்றம் பெருகிவிட்டது. இரண்டு, சிறைகள் போதவில்லை, புதிதாகக் கட்ட வேண்டும். இரண்டையும் இதே அறிக்கையில் உள்ள எண்களே மறுக்கின்றன என்பதுதான் வேடிக்கை.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டில் கொள்ளளவு 93,097 கூடியிருக்கிறது, 27 சதவீதம். கட்டாமல் ஒன்றும் இல்லை, நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். இருந்தும் நெரிசல் 112-லிருந்து 131-க்குப் போயிருக்கிறது.

இனி யார் கூடினார்கள் என்று பார்ப்போம். தண்டனை பெற்ற கைதிகள் 2012-ல் 1,27,789 பேர், 2022-ல் 1,33,415 பேர். பத்து ஆண்டில் கூடியது 5,626 பேர்தான். விசாரணைக் கைதிகள் 2,54,857-லிருந்து 4,34,302 ஆகியிருக்கிறார்கள். கூடியது 1,79,445 பேர். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு நூறு சிறைவாசியிலும் 95 பேர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். ஆக, சிறை நிரம்பியது தண்டனையால் அல்ல, காத்திருப்பால்.

இவ்வளவு பெரிய உண்மையை அறிக்கை ஒரு வரியாகக்கூடச் சொல்லவில்லை. விசாரணைக் கைதிகள் ஒரு அத்தியாயம், கொள்ளளவு வேறொரு அத்தியாயம். இரண்டையும் சேர்த்துக் கழித்துப் பார்க்கிற வேலை வாசிப்பவர் தலையில்.

கண்மாய்க் கணக்கு

எங்க ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கக் கண்மாயைச் சொன்னால் போதும். புதுக்கோட்டை கண்மாய்களின் மாவட்டம். கண்மாய் நிரம்பி வழிந்தால் மழை அதிகம் என்று மட்டும் எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். வரத்துக்கால் எப்படி, மடை திறந்திருக்கா, கலிங்கு அடைத்திருக்கா என்று போய்ப் பார்ப்பார். அதே மழைதான், மடை அடைத்துக்கொண்டால் கரை உடையும்.

சிறையும் அப்படித்தான். ஒரு சிறைக்கு மாதம் நூறு பேர் வருகிறார்கள், சராசரி ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறார்கள் என்றால் எந்த நாளில் எண்ணினாலும் உள்ளே நூறு பேர் இருப்பார்கள். அதே நூறு பேர் மூன்று மாதம் இருந்தால் முந்நூறு பேர். ஒரு குற்றம்கூடக் கூடவில்லை, ஆனால் சிறை மும்மடங்கு ஆகிவிட்டது.

இதற்குச் சோதனை வைத்தது போல ஒரு ஆண்டு வந்தது. 2020. ஊரடங்கு. சந்தை இல்லை, திருவிழா இல்லை, பஸ் இல்லை. நெரிசலைக் குறைக்கச் சொல்லி அந்த மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட, மாநிலந்தோறும் உயர்நிலைக் குழுக்கள் அமைத்து பரோலிலும் இடைக்கால ஜாமீனிலும் ஆட்களை வெளியே அனுப்பினார்கள். தண்டனைக் கைதிகள் 1,44,125-லிருந்து 1,12,589 ஆகக் குறைந்தார்கள். விசாரணைக் கைதிகள்? 3,30,487-லிருந்து 3,71,848 ஆகக் கூடினார்கள். நீதிமன்றம் முடங்கியது, விசாரணை நின்றது, மடை அடைத்துக்கொண்டது. வரத்து மட்டும் நிற்கவில்லை.

2023 முடிவில் மொத்தம் ஏறத்தாழ 5.3 லட்சமாக இறங்கியது. கொள்ளளவு அந்த ஒரு வருடத்தில் பெரிதாக மாறவில்லை. ஆக, எண்ணிக்கை இறங்கியதும் சுவர் கட்டியதால் அல்ல.

மடையை அடைப்பது எது

முதல் அடைப்பு ரிமாண்ட். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் தேவையில்லாமல் கைது செய்யக்கூடாது, காவலில் வைக்க வேண்டும் என்றால் மாஜிஸ்திரேட் காரணத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு ஆறு ஆண்டு கழித்து, 2020 ஜூனில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் பிடிக்கப்பட்டார்கள். அடிபட்டு ரத்தம் ஒழுகிய இருவரையும் ரிமாண்ட் செய்து கோவில்பட்டி கிளைச்சிறைக்கு அனுப்பினார்கள். இரண்டு பேரும் செத்துப்போனார்கள். அந்த வழக்கில் நாம் காவல் நிலையத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினோம், அது சரிதான். ஆனால் இடையில் ஒரு ரிமாண்ட் உத்தரவும் இருந்தது. எதையும் நிமிர்ந்து பார்க்காமல் போடப்படும் ஒரு கையெழுத்து என்ன செய்யும் என்பதற்கு அதைவிடக் கொடிய உதாரணம் நமக்குத் தேவையில்லை.

இரண்டாவது அடைப்பு ஜாமீன்தார். 1978-லேயே மோதி ராம் வழக்கு வந்துவிட்டது. அவர் ஒரு கொத்தனார். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி ஜாமீன் தர வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஏழைக்கு அவன் தாங்கக்கூடிய நிபந்தனை போடுங்கள், சொந்த ஜாமீனிலும் விடலாம் என்று எழுதினார். அடுத்த ஆண்டே ஹுசைனாரா காத்தூன் வழக்கு. இப்போது நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் நீதிமன்ற வாசலில் கேட்பது வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ சான்று, ரத்த சொந்தம். ஒடிசாவிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிற பையன் பிடிபட்டால் அவனுக்கு ரத்த சொந்தம் எங்கிருந்து வரும்?

இதற்கு மருந்து என்று 2023-ல் ஒன்றிய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை அரசே கட்டும் என்று அப்போது அறிவித்தது. நல்ல திட்டம்தான். ஆனால் நோயைப் பாதிதான் பார்த்திருக்கிறது. இங்கே பல இடங்களில் கேட்பது பணத்தை அல்ல, ஆளை. கையெழுத்துப் போட மனிதன் இல்லாதவனுக்கு அரசு எத்தனை ஆயிரம் வைத்திருந்தும் என்ன பயன்? தவிர, போதைப்பொருள் வழக்கு போன்ற சிலவற்றில் இந்தத் திட்டமே செல்லாது.

மூன்றாவது அடைப்பு போதைப்பொருள் சட்டம். வணிக அளவு என்றால் (கஞ்சாவில் 20 கிலோ) அந்தச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு ஜாமீனை ஏறக்குறைய பூட்டிவிடுகிறது. எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு, எதிரே இலங்கை. கஞ்சா இந்த வழியாகப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மூட்டை தூக்குகிறவனும் வண்டி ஓட்டுகிறவனும் பிடிபடுகிறார்கள், சரக்குக்குப் பணம் போட்டவன் பெயர் ரொம்ப வழக்குகளில் வருவதே இல்லை. 2021 டிசம்பரில் மாநில அளவில் 'கஞ்சா வேட்டை' தொடங்கியது. இந்த மாதிரி வேட்டை ஒவ்வொன்றும் வரத்துக்காலை அகலப்படுத்துகிறது. மடையை அகலப்படுத்த அதே வேகத்தில் யாரும் வருவதில்லை. கூடுதல் நீதிமன்றம், ஆய்வக அறிக்கை, வழிக்காவலுக்குப் போலீஸ் எல்லாமே பிறகுதான். வழிக்காவல் இல்லையென்று வாய்தாவுக்குக் கைதியைக் கூட்டி வராமல் தள்ளிப்போன வழக்குகளை எந்த வக்கீலைக் கேட்டாலும் விரல்விட்டுச் சொல்வார்.

தமிழ்நாட்டில் நெரிசலே இல்லையே?

இப்படி ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. 2021 அறிக்கையில் டெல்லி, உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் மூன்றும் 180 சதவீதத்தைத் தாண்டியிருக்கின்றன. தமிழ்நாடு நூறைத் தொடவே இல்லை. அப்ப நமக்கு என்ன பிரச்சினை?

இங்கேதான் அறிக்கையின் அளவுகோலையே நான் சந்தேகப்படுகிறேன். கொள்ளளவு என்பது தரைப் பரப்பை வகுத்து வருகிற எண். மாதிரிச் சிறைக் கையேடு கூட்டுக் கொட்டடியில் ஒருவர் தூங்க 3.71 சதுர மீட்டர் என்கிறது. கட்டடம் இருந்தால் எண் வந்துவிடும். மருத்துவர் இருக்கிறாரா, வார்டர் இருக்கிறாரா, கழிப்பறை எத்தனை என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. மாநிலத்தில் பல கிளைச்சிறைகள், ஒன்பது மத்தியச் சிறைகள், திறந்தவெளிச் சிறைகள், எங்கள் புதுக்கோட்டையில் இருப்பது போல இளைஞர்களுக்கான பார்ஸ்டல் பள்ளிகள். எல்லாவற்றையும் ஒரே சராசரியில் போட்டு அடித்தால், ஒரு கிளைச்சிறையின் காலி அறை வேறொரு சிறையின் நெருக்கடியை மறைத்துவிடும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. நெரிசல் இல்லாத சிறையிலும் தேவையில்லாத ஆள் இருக்கலாம். 2021 முடிவில் நாடு முழுவதும் தடுப்புக் காவலில் இருந்தவர்கள் 3,470 பேர். அதில் ஏறத்தாழ பாதி தமிழ்நாட்டில். காரணம் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம், நாம் 'குண்டாஸ்' என்று சொல்வது. கள்ளச்சாராயம் முதலியவற்றுக்கு வந்த சட்டம், பிறகு மணல், வீடியோ, இணையக் குற்றம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டால் விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். வழக்கில் ஜாமீன் கிடைத்துவிடும் போலத் தெரிந்தால் குண்டாஸ் போடு என்பது நம்மூரில் பழக்கமாகிவிட்டது. புதுக்கோட்டைக்காரர் என்றால் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். பல உத்தரவுகள் அங்கே ரத்தாகின்றன. ஆனால் ரத்தாவதற்குள் மாதங்கள் போய்விடும். தோற்கப் போகிற உத்தரவு என்று தெரிந்தே போட்டாலும், போட்டவருக்கு வேண்டிய மாதங்கள் கிடைத்துவிடுகின்றன. 'கொள்ளளவில் இத்தனை சதவீதம்' என்கிற கட்டம் இதைக் காட்டவே காட்டாது.

எண்ணில் வராதவர்களும் உண்டு. திருச்சி மத்தியச் சிறை வளாகத்துக்குள்ளேயே வெளிநாட்டினருக்கான சிறப்பு முகாம் இருக்கிறது. 2022 நவம்பரில் ராஜீவ் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் விடுவித்தவர்களில் இலங்கையைச் சேர்ந்த நான்கு பேர் நேராக அங்கேதான் கொண்டுபோகப்பட்டார்கள். சுவர் இருக்கிறது, காவல் இருக்கிறது, வெளியே போக முடியாது. ஆனால் பெயர் முகாம், சிறைவாசி என்ற சொல் அவர்கள் மேல் விழாது.

கடலுக்கு அந்தப் பக்கம்

இதே கதை பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமும் நடக்கிறது. எங்கள் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீனவர்கள் அதில் சிக்கிக்கொள்கிறார்கள். இலங்கைச் சிறைகளில் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள். 2012 நவம்பரில் வெலிக்கடைச் சிறையில் 27 பேர், 2020 நவம்பரில் மஹர சிறையில் 11 பேர் கலவரத்தில் செத்தார்கள். 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் போதைப்பொருள் வேட்டை தொடங்கியது, சில வாரங்களிலேயே பல ஆயிரம் பேர் கைதானார்கள். அங்கே தண்டனைக் கைதிகளில் பெரும்பங்கு அபராதம் கட்ட முடியாமல் உள்ளே போனவர்கள். நாடு வேறு, சட்டம் வேறு, ஆனால் அடைப்பு அதே இடத்தில்தான். 2024 பிப்ரவரியிலிருந்து நம் மீனவர்களில் படகோட்டிகளுக்குச் சிறைத் தண்டனையும் விழத் தொடங்கியபோது, கரையில் இருக்கிற வீடுகள் கேட்டதும் கந்தர்வகோட்டை அம்மா கேட்டதும் ஒரே கேள்விதான்: எப்ப விடுவாங்க?

அப்ப எல்லாரையும் விட்டுடலாமா?

இப்படி எழுதினால் நண்பர்கள் கேட்பது இது. இல்லை. சாதிக் கொடுமை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவன் ஜாமீனில் வந்து அதே தெருவில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றால், சாட்சி சொல்ல வேண்டியவர் வாயைத் திறக்க மாட்டார். எங்கள் மாவட்டத்தில் இதைச் சொல்லித் தர யாரும் வேண்டியதில்லை. குழந்தைகள் மீதான பாலியல் வழக்குகளும் அப்படியே. காவலில் வைக்க நியாயமான காரணம் உண்டு: ஓடிவிடுவான், சாட்சியைக் கலைப்பான், திரும்பச் செய்வான். என் புகார், அந்தக் காரணத்தைத் தேடிப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக, கையெழுத்துப் போட ஆள் உண்டா என்று பார்க்கிறோம் என்பதுதான். அந்த வடிகட்டியில் பணமும் ஆள்பலமும் உள்ள ஆபத்தானவன் வெளியே போய்விடுகிறான். வயர் திருடியதாகச் சொல்லப்பட்டவன் உள்ளே தங்கிவிடுகிறான். விசாரணைக் கைதிகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பத்தாம் வகுப்பை எட்டாதவர்களும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்பதை வேறு எப்படி விளங்கிக்கொள்வது?

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்துவிட்டால் விடச் சொல்கிறது. மனுப் போடும் பொறுப்பைச் சிறைக் கண்காணிப்பாளர் மேலேயே வைத்திருக்கிறது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் சொல்லிவிட்டது. ஆனால் அதே பிரிவு, ஒன்றுக்கு மேல் வழக்கு இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்றும் சொல்கிறது. ஒரு வழக்கில் பிடித்தவன் மேல் பழைய வழக்கு நாலைந்தைச் சேர்த்து பி.டி. வாரண்ட் வாங்குகிற வழக்கம் உள்ள ஊரில், இடது கையால் கொடுத்ததை வலது கை வாங்கிக்கொள்கிறது.

இன்னொன்று, அதிகம் பேர் கவனிக்காதது. 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறை நிர்வாகம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே தானாக யோசிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தார்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது.

ஆகவே ஆண்டறிக்கை எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது புதிய சிறையை அல்ல, புதிய பத்திகளை. ஜாமீன் உத்தரவு வந்தும் வெளியே வராதவர்கள் எத்தனை பேர், எத்தனை நாளாக? ஜாமீன் கிடைத்த பிறகு வேறு வழக்கில் கைது காட்டப்பட்டவர்கள் எத்தனை பேர்? தடுப்புக் காவல் உத்தரவுகளில் ரத்தானவை எத்தனை, ரத்தாகும் முன் கழிந்த நாட்கள் எத்தனை? ஒவ்வொரு சிறைக்கும் தனித்தனியாக. மாவட்ட அளவில் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு இருக்கிறது. மாவட்ட நீதிபதி, ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் எல்லோரும் அதில் உட்காருகிறார்கள். இந்த எண்கள் அவர்கள் மேசைக்கு வர முடியும் என்றால் நம் கண்ணுக்கும் வர முடியும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நானும் கேட்கப் போகிறேன்.

அந்த அம்மாவை ஒரு தெரிந்த வக்கீல் சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிப் போனார். (15100 என்ற எண்ணில் போன் செய்தாலும் இலவச சட்ட உதவி கிடைக்கும், இதைப் படிப்பவர்கள் யாருக்காவது சொல்லி வையுங்கள்.) நிபந்தனையைத் தளர்த்த மனுப் போட்டார்கள். சொந்த ஜாமீனிலேயே பையனை விட்டார்கள்.

மொத்தம் 49 நாள் உள்ளே இருந்திருக்கிறான். சட்டம் வேண்டுமென்று வைத்தது 21 நாள். ஒரு கையெழுத்துக்கு ஆள் இல்லாமல் இருந்தது 28 நாள். வெளியே வந்தது ஒரு அக்டோபர் மாதம். அறிக்கை ஆட்களை எண்ணுவது டிசம்பர் 31-ல். அந்த 28 நாள் அதில் வரவே வராது.